பதினொரு சாம்பல் சட்டைகள்

“அடையாளம் தெரியவில்லை” என்றது மெஷின்.

ஸ்பேர் சார் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். தனக்குப் பின்னால் நிற்கிற யாரையோ சொல்கிறது என்று நினைத்துவிட்டார், பாவம். பின்னால் ஒரு ஈ காக்கா கூட இல்லை. தரையில் ஒட்டியிருந்த இரண்டு பாதங்களின் படத்துக்கு மேல், தன் சொந்தப் பாதங்களை வைத்துக்கொண்டு அவர் ஒருவர்தான் நின்றிருந்தார்.

“அடையாளம் தெரியவில்லை” என்றது மறுபடியும். சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக் கதவு அசையவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பத்தைந்து. இருபத்து நாலு வருஷமாக இதே நேரத்துக்கு அவர் இந்தப் படியேறுகிறார். தண்ணீர் பம்பு தயாரிக்கும் கம்பெனியின் தலைமை அலுவலகம் அது. அவர் இருப்பது உதிரிபாகப் பிரிவில். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது சம்பளச் சீட்டில் இருக்கிறது. மற்றபடி மேனேஜர் முதல் துடைப்பம் பிடிப்பவர் வரை எல்லோருக்கும் அவர் ‘ஸ்பேர் சார்’தான்.

மெஷின் வந்து நாலு வருஷம் ஆகிறது. ஒரு கறுப்புத் திரை, மேலே குண்டுமணி அளவில் ஒரு கேமரா, பச்சைக்கு ஒன்று சிவப்புக்கு ஒன்றாக இரண்டு விளக்கு. முகத்தைக் காட்டினால் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் “நன்றி, உள்ளே செல்லலாம்” என்று சொல்லும். இல்லையென்றால் அந்த இன்னொரு வாக்கியம். இந்த இரண்டுக்கு மேல் அதற்குப் பேச்சு கிடையாது. வாசல் காவலர் அதற்கு ‘மெஷின் அம்மா’ என்று பெயர் வைத்திருந்தார்.

அந்தக் காவலர்தான் இப்போது ஓடி வந்தார். “சார் யாரு? யாரைப் பார்க்கணும்?”

“யோவ், நான்தான்யா!”

“நான்தான்னா?”

“ஸ்பேர்!”

காவலர் மேலிருந்து கீழே பார்த்தார். கீழேயிருந்து மேலே பார்த்தார். வாய் திறந்தது, மூட மறந்துவிட்டது.

“ஐயோ சார்! என்ன சார் ஆச்சு? வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?”

இதெல்லாம் ஒரு போன் பேச்சில் ஆரம்பித்தது. போன வாரம் அவர் பெண் கல்லூரித் தோழியிடம் ஒரு புத்தகம் வாங்கிவர அப்பாவை அனுப்பினாள். “உங்கப்பாவை நான் எப்படிடி கண்டுபிடிக்கறது?” என்று தோழி கேட்டிருக்கிறாள். இவள் சொல்லியிருக்கிறாள்: “பஸ் ஸ்டாப்ல போய் நல்லாப் பாரு. எந்த இடத்தைப் பார்த்தா அங்க யாருமே இல்லாத மாதிரி இருக்கோ, அங்க நிக்கறவர்தான் எங்கப்பா.”

பக்கத்து அறையில் இருந்த ஸ்பேர் சார் காதில் அது விழுந்து தொலைத்தது. அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. கண்ணாடி முன்னால் போய் நின்றார். சாம்பல் நிறச் சட்டை, சாம்பல் நிறப் பேன்ட். அவருக்குப் பின்னால் சாம்பல் நிற இரும்பு பீரோ. பீரோவை விட்டுத் தன்னைப் பிரித்துப் பார்க்க அவருக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. பீரோவைத் திறந்தார். உள்ளே பத்துச் சட்டை, போட்டிருப்பதோடு பதினொன்று. எல்லாம் அதே சாம்பல். நாற்பத்தொன்பது வயதில் அப்போதுதான் முதல் தடவையாக அவற்றை எண்ணிப் பார்த்தார்.

அதோடு புதன்கிழமை அவருக்கு இன்டர்வியூ வேறு. உதவி மேலாளர் பதவிக்கு இரண்டே பேர்தான் பட்டியலில்: இவர், அப்புறம் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிற ‘டிஸ்பாட்ச்’. இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக இவர் பெயர் ஒரு பட்டியலில் ஏறியிருந்தது. இதை விட்டால் ஓய்வு பெறும்வரை நட்டும் போல்ட்டும்தான்.

“இந்தக் கோலத்துல போனீங்கன்னா, நீங்க ரூமுக்குள்ள வந்ததையே கவனிக்க மாட்டாங்கப்பா” என்றாள் பெண்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவரைக் கடை கடையாக இழுத்துக்கொண்டு போனாள். மாம்பழ மஞ்சளில் சட்டை, அதில் முறம் முறமாகப் பச்சை இலைகள். உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசிக்க வேண்டிய பேன்ட். வெள்ளை ஷூ. வட்டக் கண்ணாடி. தலைக்குச் சாயம். கடைசியில் சலூன்காரர் “மீசையை எடுத்துட்டா பத்து வயசு குறையும் சார்” என்றார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து உடன் இருந்த மீசை ஒரு நிமிஷத்தில் தரையில் கிடந்தது.

வீட்டுக்கு வந்து மணியடித்தார். மனைவி கதவைத் திறந்து, “அவர் வெளியில போயிருக்கார், சாயங்காலம் வாங்க” என்று சாத்தப் போனாள். பெண் விழுந்து விழுந்து சிரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. புரிந்ததும் அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். ஆனால் சுறுசுறுப்பானவள். நிதானத்துக்கு வந்த மறு நிமிஷமே பீரோவைத் திறந்து, பழைய துணி எடுக்க வந்தவரிடம் பத்துச் சாம்பல் சட்டையையும் அள்ளிக் கொடுத்தாள். பதினொன்றாவதைத் துடைக்கிற துணியாக வைத்துக்கொண்டாள்.

இப்போது மெஷின் அம்மா அவரை உள்ளே விடமாட்டேன் என்கிறாள்.

“கண்ணாடியைக் கழட்டிப் பாருங்க சார்” என்றார் காவலர்.

கழற்றினார். சிவப்பு.

“கொஞ்சம் சிரிங்க.”

சிரித்தார். சிவப்பு.

“சிரிக்காதீங்க, நீங்க எப்பவும் இருக்கற மாதிரி இருங்க.”

எப்பவும் எப்படி இருப்போம் என்று யோசித்து, அந்த முகத்தைக் காட்டினார். அதற்கும் சிவப்பு. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. ஒவ்வொருவரும் அவரைத் தாண்டிப் போய் முகத்தைக் காட்டினார்கள். “நன்றி, உள்ளே செல்லலாம்” என்று மெஷின் அம்மா தேனாகச் சொன்னாள். கடைசியில் காவலர் அவர் கழுத்தில் ‘பார்வையாளர்’ என்று ஓர் அட்டையை மாட்டி, பக்கத்துக் கதவு வழியாக விட்டார்.

ஸ்பேர் சார் நேராக எச்.ஆர். மேடத்திடம் போனார். மேடம் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகிறது. கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசுவாள். இன்றைக்கு எடுத்தாள், எடுத்த கண் அந்த இலைகளை விட்டு நகரவில்லை.

“உங்களுக்கு இன்னைக்கு ஆப்சென்ட் விழுந்திருக்கு சார்.”

“நான் எங்க மேடம் ஆப்சென்ட்? உங்க எதிர்லதானே உக்காந்திருக்கேன்!”

“நீங்க உக்காந்திருக்கீங்க. சிஸ்டத்துல இல்லையே.”

“புது மொகத்தைப் பதிவு பண்ணிக்க முடியாதா?”

“மெஷின் கம்பெனிக்கு மெயில் போடணும். போடறேன். ஆனா அவங்க பதில் போட்டதா சரித்திரம் கிடையாது” என்றவள் குரலைத் தாழ்த்தினாள். “சார், இன்னொண்ணு. தேர்வு நடக்கற மாசத்துல மூணு நாள் ஆப்சென்ட் ஆனா, பட்டியல்லேருந்து பேரைத் தூக்கிடணும். அது ஜி.எம். போட்ட ரூல்.”

இன்றைக்கு ஒன்று ஆகிவிட்டது. நாளைக்கு இரண்டு. புதன்கிழமை காலை மூன்று. ஸ்பேர் சார் விரல் விட்டு மறுபடி எண்ணினார். காய்ச்சலோடு வந்திருக்கிறார், காலில் கட்டோடு வந்திருக்கிறார்; ஒரு நாள் லீவு போட்டதில்லை. வந்து நிற்கிறவனுக்கு ஆப்சென்ட் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

சாயங்காலம் பெண் ஒரே நொடியில் தீர்ப்புச் சொன்னாள். “மஞ்சள் ரொம்பப் பளிச்னு இருக்கு. கேமராவுக்குக் கண் கூசுதுப்பா. கறுப்பு போட்டா மொகம் எடுப்பாத் தெரியும்.”

கறுப்பு என்று வீட்டில் இருந்தது அவளுடைய டீ-ஷர்ட் ஒன்றுதான். பெரிய அளவில் வாங்கிவிட்டாளாம். நெஞ்சில் ஒரு புலி. மறுநாள் காலை ஸ்பேர் சார் போட்டபோது அதன் திறந்த வாய் சரியாகத் தொப்பைக்கு நேராக வந்து நின்றது. அவர் மூச்சு விடும்போதெல்லாம் அது எதையோ மென்றது. தலைமுடி நெற்றியில் விழுந்து முகத்தை மறைக்கக்கூடாது என்று ஜெல் தடவி நட்டுக்க நிறுத்தினாள்.

செவ்வாய்க்கிழமை எட்டு ஐம்பத்தைந்துக்கு ஸ்பேர் சார் பாதங்களின் மேல் பாதங்களை வைத்தார். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் சொல்லவில்லை. உள்ளேயிருந்து ‘ப்ச்’ என்று ஒரு சத்தம் வந்த மாதிரி இருந்தது.

“அடையாளம்... தெரியவே இல்லை” என்றது.

காவலர் காதைத் தேய்த்துக்கொண்டார். “இந்த ‘வே’ புதுசா இருக்கே சார். நேத்து இல்லையே!”

இரண்டாவது ஆப்சென்ட்.

எச்.ஆர். மேடம் புலியைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். ஆனால் நல்ல மனசு. “ஒரு வழி இருக்கு சார். உங்க பிரிவுலேயோ பக்கத்து மேஜையிலேயோ வேலை பார்க்கறவங்க யாராவது ஒருத்தர், இவர்தான் அவர்னு கையெழுத்துப் போட்டாப் போதும். நாளைக்கு நானே ஜி.எம். கிட்ட எடுத்துச் சொல்றேன்.”

உதிரிபாகப் பிரிவில் வேறு யாரும் இல்லை, அவர் ஒருவர்தான் பிரிவு. அடுத்த மேஜை டிஸ்பாட்ச். பதினெட்டு வருஷமாக ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். டிஸ்பாட்ச் வந்து, தலையைச் சாய்த்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

“குரல் என்னமோ அவர் குரல் மாதிரிதான் இருக்கு மேடம். ஆனா கையெழுத்துன்னு வர்றப்போ... எனக்கும் குழந்தை குட்டிங்க இருக்கு பாருங்க.”

“அடப்பாவி! நேத்துகூட என் டப்பாவுலேருந்துதானே எடுத்துத் தின்னே!”

“நான் சாப்பாட்டைத்தான் பார்த்தேன், ஆளைப் பார்க்கலையே” என்று சொல்லிவிட்டு டிஸ்பாட்ச் நழுவினார்.

ஸ்பேர் சார் வேறு வழியில்லாமல் மனைவிக்குப் போன் போட்டார். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கூட்ட நேரத்தில் கடையை விட்டுவிட்டு, வெள்ளைக் கோட்டோடு அரக்கப் பரக்க வந்து சேர்ந்தாள்.

“இவர் உங்க வீட்டுக்காரர்தானாம்மா?” என்று கேட்டாள் மேடம்.

காலையில் அவர் எழுந்திருக்கும் முன்பே கடைக்குப் போயிருந்ததால் புலியை அவள் பார்த்திருக்கவில்லை. இப்போது பார்த்தாள். நட்டுக்க நின்ற தலையையும் பார்த்தாள்.

“என்னைக் கேட்டா?” என்றாள் எரிச்சலோடு. “இருபத்திரண்டு வருஷம் நான் குடும்பம் நடத்தினவர் வேற ஆளு. இவர் ஞாயித்துக்கிழமைதான் வந்தாரு.”

மேடம் ஒரு எழுத்து விடாமல் கம்ப்யூட்டரில் அடித்தாள். ‘மனைவி உறுதி செய்ய மறுப்பு.’ அவள் தப்பில்லை. அவள் அப்படித்தான், சொன்னதை அடிப்பாள்.

“ஐயோ மேடம், நான் விளையாட்டுக்குச் சொன்னேன்!”

“பதிவானா பதிவானதுதாம்மா. அழிக்க அனுமதி இல்லை.”

வீட்டுக்குத் திரும்ப இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். இறங்கி நடக்கும்போது ஸ்பேர் சார் மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா, சட்டையையும் மீசையையும் எடுத்துட்டா எங்கிட்ட வேற ஒண்ணுமே இல்லையா? இருபத்து நாலு வருஷம் ஒரு இடத்துக்குப் போய் வந்திருக்கேன். ஒருத்தனுக்குக்கூட என் மொகம் தெரியலையே.”

அவளுக்கு அழுகை முட்டியது. தன் வாயை நாலு அடி அடிக்கலாம் போல இருந்தது. “நீங்க நாளைக்குப் பழைய ஆளாவே போங்க” என்றாள். “நான் பார்த்துக்கறேன்.”

பார்த்துக்கொள்ள மீதி இருந்தது அந்தப் பதினொன்றாவது சட்டை. அதை அவள் மூன்று தண்ணீரில் அலசிக் காயப்போட்டு இஸ்திரி போட்டாள். ஆனால் ஜன்னல் துடைக்கத் தோதாக அதன் அடிப்பாகத்தை ஏற்கெனவே ஒரு சாண் கத்தரித்திருந்தாள். “பேன்டுக்குள்ள சொருகிட்டா தெரியாது. கையை மட்டும் தூக்கிடாதீங்க” என்றாள். தலைச் சாயத்தை என்னவோ போட்டுத் தேய்த்ததில் அது செம்பட்டையாக மாறியது. மீசைக்குப் பெண் ஏற்பாடு செய்தாள். கல்லூரி நாடகக் குழுவில் தளபதி வேஷத்துக்கு வைத்திருந்த மீசை. இரண்டு பக்கமும் கத்தரித்து, பசை போட்டு ஒட்டினாள். கொஞ்சம் பெரியதுதான். கொஞ்சம் இல்லை, மூக்குக்குக் கீழே ஒரு அணில் படுத்திருந்தது.

புதன்கிழமை. வாசலில் கூட்டம். விஷயம் கட்டடம் முழுக்கப் பரவியிருந்தது. எச்.ஆர். மேடம் வந்திருந்தாள், டிஸ்பாட்ச் புதுச் சட்டையோடு வந்திருந்தார். யார் வருவார் என்று ஸ்பேர் சார் எதிர்பார்க்கவில்லையோ அவரும் வந்திருந்தார். ஜி.எம்.! பிரம்பு மாதிரி நிமிர்ந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“முதல்ல மெஷின் சரியா வேலை செய்யுதான்னு பார்ப்போம்” என்று ஜி.எம். தன் முகத்தைக் காட்டினார்.

“நன்றி, உள்ளே செல்லலாம்” என்றது மெஷின், வழக்கத்தைவிட மரியாதையாக.

“ம். இப்ப நீங்க நில்லுங்க.”

ஸ்பேர் சார் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அடியெடுத்து வைத்தார். வியர்வை ஊற்றியது. வியர்வையில் பசை இளகி, மீசையின் இடது பாதி மெதுவாகக் கீழே இறங்கி வாயோரத்தில் தொங்கியது. பிடிக்கலாம் என்று கையைத் தூக்கினார். சட்டை பேன்டிலிருந்து உருவிக்கொண்டு மேலே வந்தது. அத்தனை பேருக்கும் தொப்புள் தரிசனம்.

“அடை...” என்றது மெஷின். நின்றது. “க்க்க்...” என்றது. விக்கல் வந்த மாதிரி குரல் இரண்டு தடவை குலுங்கியது. அப்புறம் பளிச்சென்று சிவப்பு எரிந்தது.

ஸ்பேர் சாருக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அப்படி ஒரு ஆவேசம். மீசையைப் பிய்த்துத் தரையில் எறிந்தார்.

“போதும்!” என்று கத்தினார். இருபத்து நாலு வருஷத்தில் அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. டிஸ்பாட்ச் பயந்து இரண்டடி பின்னால் போனார். “நான் யாருன்னு நானே வந்து சொல்றேன், நம்ப மாட்டேங்கறீங்க. எந்த ராக்குல எந்த வாஷர் இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு எடுத்துத் தருவேன், அதைக் கேக்க மாட்டேங்கறீங்க. ஒரு மனுஷன் ஆசைப்பட்டு ஒரு மஞ்சச் சட்டை போட்டா, ஆளே காணாமப் போயிடுவானா? அப்போ இத்தனை நாளா ஒருத்தருமே என்னைப் பார்க்கலையா?”

காவலர் தலையைக் குனிந்துகொண்டார். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது; ஆனால் விரல் பட்டியலின் மேல்தான் இருந்தது.

ஜி.எம். தொண்டையைச் செருமிக்கொண்டார். “உங்க வருத்தம் புரியுது. ஆனா மனுஷங்க பொய் சொல்லலாம், மெஷின் சொல்லாது. ரூல்னா ரூல்தான். மேடம், இவர் பேரைப் பட்டியல்லேருந்து எடுத்துடுங்க.”

“ஐயையோ, எடுத்துடாதீங்க சார்!” என்றது மெஷின்.

மேடத்தின் கையிலிருந்த காகிதம் பறந்தது. காவலர் “அம்மா!” என்று கூப்பிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். ஜி.எம். பின்னால் கட்டியிருந்த கைகள் தாமாக முன்னால் வந்துவிட்டன.

“யா... யார் பேசறது?”

மாடிப்படிக்கு அடியில், மின்சார மீட்டர் இருக்கும் அறை என்று எல்லோரும் நினைத்திருந்த கதவு ஒன்று கிரீச்சென்று திறந்தது. கழுத்தில் ஹெட்போன் தொங்க, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பழைய ஆட்களுக்கு அவளைத் தெரிந்தது. கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். அந்த வேலையே இல்லாமல் போனபோது அவளும் போய்விட்டாள் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

“நான்தான் சார்” என்றாள், அதே தேன் குரலில். “மெஷின் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. ‘ரிப்பேருக்கு ஆள் வர்ற வரைக்கும் நீங்க கேமராவுல பார்த்து, பேரைத் தட்டி, மைக்குல ரெண்டு வார்த்தை சொல்லிக்கிட்டிருங்க’ன்னு அப்ப இருந்த ஆபீசர் சொன்னாரு. அவர் வேற கம்பெனிக்குப் போயிட்டாரு. ரிப்பேருக்கும் யாரும் வரலை.”

ஜி.எம்.முக்கு வியர்த்துவிட்டது. “அப்ப இவரை ஏன் இன்னைக்கு...”

“இன்னைக்கு விடத்தான் சார் நினைச்சேன். அந்த மீசை தொங்கினதைப் பார்த்ததும் சிரிப்பு அடக்க முடியாம, கை தவறிச் சிவப்பை அமுக்கிட்டேன். மூணு நாள் கணக்கெல்லாம் சத்தியமா எனக்குத் தெரியாது.”

“சரி, திங்கள், செவ்வாய்?” என்றாள் எச்.ஆர். மேடம். “அந்த ரெண்டு நாளும் உங்களுக்கும் இவரை அடையாளம் தெரியலையா?”

“அடையாளம் தெரியாம என்ன மேடம், திங்கக்கிழமை படியேறும்போதே நம்ம ஸ்பேர் சார்னு தெரிஞ்சுது, கூடப் பொறந்தவர் மாதிரி தினம் பார்க்கற மனுஷனை அந்தக் கோலத்துல உள்ள விட்டு நாலு பேர் சிரிக்க விடுவேனா, ரெண்டு தடவை திருப்பி அனுப்பினா வீட்டுக்குப் போய் வேற சட்டை மாத்திக்கிட்டு வந்துடுவார்னு பார்த்தேன்!”